அம்மா ஊசி கோர்க்கிறார், மகளால் முடியவில்லை

கேள்வி: எனக்கு 43 வயது. தென்காசி மாவட்டத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். ஒரு வருடமாக ஊசியில் நூல் கோர்க்கத் தடுமாறுகிறேன். அம்மாவுக்கு 67 வயது, பதினாறு வருடமாகச் சர்க்கரை. இருபது வருடத்துக்கும் மேலாகக் கண்ணாடி போட்டுத்தான் படிப்பார். ஆறேழு மாதமாகக் கண்ணாடியே இல்லாமல் பேப்பர் படிக்கிறார். எனக்கு ஊசி கோர்த்துக் கொடுப்பதும் அவர்தான்! முருங்கைக்கீரை செய்த வேலை என்கிறார். அக்கம்பக்கத்தில் எல்லாரும் ‘கண்ணு திரும்பி வந்துடுச்சு’ என்று சந்தோஷப்படுகிறார்கள். இது நல்லதுதானா? அப்புறம், எங்கள் இருவருக்குமே கருவிழியைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் ஒரு வளையம் தெரிகிறது. அம்மாவின் கண்கள் சின்னதாகி உள்ளே போன மாதிரியும் இருக்கிறது. இதில் எது வயசு, எது வியாதி?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் அம்மாவிடம் ஒன்று கேட்கத் தோன்றியது. தெருமுனையில் வருகிறவர் யாரென்று அவருக்கு முகம் பார்த்துத் தெரிகிறதா, குரல் கேட்ட பிறகுதான் தெரிகிறதா? கோவிலில் கொஞ்சம் தள்ளி நின்றால் சாமியின் அலங்காரம் தெரிகிறதா? பஸ் போர்டைப் படிக்கிறாரா, பக்கத்தில் நிற்பவரைக் கேட்கிறாரா? தூரம் மங்கியிருக்கும் என்பது என் ஊகம். பெரியவர்கள் பலர் அதைச் சொல்ல மாட்டார்கள். பேப்பர் படிக்க முடிகிற சந்தோஷத்தில் மற்றது கணக்கிலேயே வராது.

அம்மாவின் கண் திரும்பி வரவில்லை. தூரப் பார்வை போன இடத்தில் கிட்டப் பார்வை வந்திருக்கிறது, அவ்வளவுதான். எப்படி என்று சொல்ல லென்ஸிலிருந்து தொடங்க வேண்டும்.

கண்ணின் கறுப்பு வட்டத்துக்கு நடுவே உள்ள பாப்பாவுக்குப் பின்னால், ஒரு பருப்பு வடிவத்தில் லென்ஸ் உட்கார்ந்திருக்கிறது. உடம்பில் தோல் உரிகிறது, முடி உதிர்கிறது. லென்ஸ் மட்டும் பழையது எதையும் வெளியே தள்ளுவதில்லை. வெங்காயம் மாதிரி புதுப்புது நார்கள் மேல்மேலாகப் படிந்துகொண்டே வரும். பழைய நார்கள் நடுவில் இறுகும். உங்கள் அம்மாவின் லென்ஸ் நடுவில் இருக்கும் நார்கள், அவர் தன் அம்மாவின் வயிற்றில் இருந்தபோது உண்டானவை. இருபது வயதில் மூன்றரை மில்லிமீட்டர் சொச்சம் இருக்கும் லென்ஸின் தடிமன், எழுபது வயதில் ஐந்தை நெருங்கிவிடும். கண் உருண்டை வளர்வதோ பெரியவர்களாகும்போதே நின்றுவிடும். முன்னும் பின்னும் அளந்தால் சுமார் 24 மில்லிமீட்டர். நகராத சுவர்களுக்குள் ஒரு பொருள் மட்டும் தடித்துக்கொண்டே போகிறது. வயதானவர்களின் கண்ணில் நடப்பதில் பாதிக்கு மேல் இந்த ஒரு விஷயத்தில் அடங்கிவிடும்.

முதலில் உங்கள் கதை. சின்ன வயதில் லென்ஸ் நெகிழ்வாக இருக்கும். கிட்டத்தில் பார்க்கும்போது அது புடைத்துக்கொள்ளும், பார்வை கூர்மையாகும். பத்து வயதுப் பிள்ளை மூக்குக்கு முன்னால் ஏழெட்டு சென்டிமீட்டரில் புத்தகத்தைப் பிடித்தாலும் எழுத்து தெரியும். நாற்பதில் அந்தக் குறைந்தபட்ச தூரம் இருபது, இருபத்தைந்து சென்டிமீட்டராகிவிடும். ஐம்பதில் நாற்பதைத் தொடும். லென்ஸ் இறுகி, புடைக்கும் சக்தி போய்க்கொண்டிருக்கிறது. இதுதான் வெள்ளெழுத்து. ஊர்ப் பெரியவர்கள் சாளேசரம் என்பார்கள். இந்தியில் நாற்பதுக்குச் சாலீஸ் என்று பெயர். வயது அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. ஊசிக் காதைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோய்ப் பார்க்கிற தொழில் என்பதால் உங்களுக்கு இது மற்றவர்களுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. ஆசிரியைக்கோ கடைக்காரருக்கோ இன்னும் இரண்டு வருடம் தெரியாமலே ஓடியிருக்கும்.

கண்ணாடி போட்டால் பவர் ஏறிக்கொண்டே போகும் என்று பயந்து தள்ளிப்போடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். பாதிப் பேர் அப்படித்தான். போட்டாலும் போடாவிட்டாலும் லென்ஸ் தன் வேகத்தில் இறுகிக்கொண்டுதான் போகும். போடாமல் இருந்தால் கிடைப்பது சாயங்காலத் தலைவலி மட்டும்தான். பரிசோதனைக்குப் போகும்போது தையல் மெஷினில் உட்கார்ந்தால் துணிக்கும் கண்ணுக்கும் எவ்வளவு தூரம் என்று இன்ச் டேப்பால் அளந்து எழுதிக்கொண்டு போங்கள். உங்களிடம் இல்லாத இன்ச் டேப்பா! படிப்பதற்கு எழுதித்தருகிற பவரும் மெஷினுக்குத் தேவையான பவரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை.

இப்போது அம்மா. நாங்கள் ஸ்லிட் லாம்ப் என்ற கருவியில் தாடையை வைக்கச் சொல்லி, கத்தி முனை மாதிரி மெல்லிய ஒளிக்கீற்றைக் கண்ணுக்குள் விடுவோம். இருபது வயதுக்காரர் கண்ணில் அந்தக் கீற்று பளிங்குக்குள் போவது போல் போகும். அறுபதைத் தாண்டியவர்களுக்கு லென்ஸின் நடுப்பகுதி தேன் நிறத்தில் தெரியும். நாளாக நாளாகப் பனங்கற்கண்டு நிறம், ரொம்பவும் முற்றிவிட்டால் கருப்பட்டியே. நடுப்பகுதி இப்படி அடர்த்தியாகும்போது ஒளியை முன்பைவிட அதிகமாக வளைக்கும். தூரத்திலிருந்து வரும் ஒளி விழித்திரைக்கு முன்னாலேயே குவிந்துவிடும். அதாவது, 67 வயதில் அம்மாவுக்குப் புதிதாகக் கிட்டப்பார்வை வந்திருக்கிறது. மைனஸ் இரண்டு, இரண்டரை பவர் ஏறியிருந்தால் நாற்பது, ஐம்பது சென்டிமீட்டரில் இருப்பது எதுவும் கண்ணாடி இல்லாமல் பளிச்சென்று தெரியும். பேப்பர் படிக்கிற தூரம் அதுதான். இது கண்புரையின் ஒரு வகை. கண்புரை என்றால் எல்லாமே மங்கும் என்று நினைக்கிறோம். நடுவில் தொடங்கும் இந்த வகை, மங்குவதற்கு முன்னால் கொஞ்ச நாள் இப்படி ஒரு சலுகை தரும். கலங்கல் கூடினால் அந்தச் சலுகையும் போய்விடும்.

வேறொரு காரணமும் இருக்கலாம். அம்மாவுக்குச் சர்க்கரை இருப்பதால் அதைத் தாண்டிப் போக முடியாது. ரத்தத்தில் சர்க்கரை தாறுமாறாக ஏறினால் லென்ஸுக்குள் நீர் புகுந்து ஊறும், கண்ணின் பவரே மாறும். பெரும்பாலும் கிட்டப்பார்வைப் பக்கம்தான் சாயும். என்னிடம் வந்த ஒரு ஆட்டோ ஓட்டுநர், ‘இன்சுலின் ஊசி போட்டதிலிருந்து செல்போனே தெரியலை டாக்டர், ஊசி கண்ணைக் கெடுத்துடுச்சு’ என்று சண்டைக்கே வந்துவிட்டார். நடந்தது தலைகீழ். பல மாதம் சர்க்கரை எகிறி லென்ஸ் ஊறியிருந்தது, ஊசி போட்டதும் அது பழைய நிலைக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. சில வாரம் பொறுத்துக்கொள்ளச் சொல்லி அனுப்பினேன், சரியாகிவிட்டது. அதனால்தான் சர்க்கரை ஏறி இறங்கும் சமயத்தில் புதுக் கண்ணாடி எழுதிக்கொடுக்க எங்களுக்குத் தயக்கம். இன்றைக்கு எழுதினது அடுத்த மாதம் பொருந்தாது.

இரண்டில் எது? ஆறேழு மாதமாக மெதுவாக வந்து, நாளுக்கு நாள் மாறாமல் நிலையாக இருக்கிறது என்றால் புரை என்றே சாய்வேன். காலையில் ஒரு மாதிரி, இந்த வாரம் தெளிவு அடுத்த வாரம் மங்கல் என்றால் சர்க்கரையைச் சந்தேகிக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். சர்க்கரை உள்ளவர்களுக்குப் புரை மற்றவர்களைவிட முன்னதாகவே வருகிறது. மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் எச்பிஏ1சி பரிசோதனையை இப்போதே எடுத்துவிடுங்கள்.

வீட்டில் ஒன்று செய்து பாருங்கள். அம்மாவை தினசரி காலண்டருக்குப் பத்தடி தள்ளி உட்கார வையுங்கள். ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடச் சொல்லுங்கள், விரலால் அழுத்த வேண்டாம். தேதியின் பெரிய எண் எல்லாருக்கும் தெரிந்துவிடும். அதைவிடச் சின்னதாக இருக்கும் தமிழ் மாதம், கிழமை தெரிகிறதா பாருங்கள். பிறகு மற்றக் கண். இரண்டும் ஒரே மாதிரி இருக்காது என்றே நினைக்கிறேன். ஒரு கண் கிட்டத்தையும் இன்னொரு கண் தூரத்தையும் பங்கு போட்டுக்கொண்டு பல வருடம் ஓட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். நல்ல கண்ணில் தூசி விழுந்த அன்றைக்குத்தான் மற்றது மங்கின விஷயமே தெரியவரும். அடுத்து, கெட்டி அட்டையில் உங்கள் ஊசியால் ஒரு துளை போட்டு, அது வழியாக அதே காலண்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். தெளிவு கூடினால் மங்கலில் பெரும்பங்கு பவர் மாற்றம். துளை வழியாகவும் தெளியவில்லை, இன்னும் மோசம் என்றால் லென்ஸ் ரொம்பக் கலங்கியிருக்கலாம், அல்லது விழித்திரையில் ஏதோ இருக்கலாம். எது வந்தாலும் டாக்டரிடம் போகத்தான் வேண்டும். முன்கூட்டித் தெரிந்திருந்தால் அங்கே சொல்ல வசதி.

அம்மாவின் நூல் பெட்டியையும் ஒரு தடவை பாருங்கள். கருநீலத்துக்குக் கறுப்பு நூல் எடுத்துக் கொடுக்கிறாரா? மஞ்சளடித்த லென்ஸ் நீல ஒளியைத் தடுத்துவிடும். ஒரு கண்ணில் புரை அறுவை முடித்தவர்கள் மறுநாள் இரண்டு கண்ணையும் மாற்றி மாற்றி மூடிப் பார்த்துவிட்டு, ‘இந்தக் கண்ணுல பார்த்தா வேட்டிக்குச் சொட்டு நீலம் அதிகமாப் போட்ட மாதிரி இருக்கே’ என்பார்கள். வேட்டி அதே வேட்டிதான்.

வெளிச்சமும் அப்படியே. வயது ஏற ஏறப் பாப்பா சுருங்கும், இருட்டிலும் முழுதாக விரியாது. லென்ஸும் ஒளியை விழுங்கும். இருபது வயதுக்காரரின் விழித்திரைக்குப் போகிற வெளிச்சத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் அறுபது வயதுக்காரருக்குப் போய்ச் சேரும். அம்மா இன்னொரு லைட் போடு என்றால் கரண்ட் பில்லைக் காட்டாதீர்கள்.

எனக்குப் பேப்பர் படிப்பதைவிடப் பெரிய கவலை ஒன்று இருக்கிறது. பதினாறு வருடச் சர்க்கரையில், கண்ணில் சொட்டு மருந்து விட்டுப் பாப்பாவை விரியவைத்து விழித்திரையைப் பார்த்தது கடைசியாக எப்போது? உங்கள் கடிதத்தில் அது பற்றி ஒரு வரி கூட இல்லை. ஒரு தடவையும் பார்க்கவில்லையோ என்று பயமாக இருக்கிறது. உடம்பில் கத்தி வைக்காமல் ரத்தக் குழாய்களை நேரடியாகப் பார்க்கக்கூடிய இடம் கண்ணின் பின்சுவர்தான். 1851-ல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மானியர் அதற்கான கருவியை அறிவித்தார். அன்றிலிருந்து சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் உள்ளே செய்கிற வேலை வெளிச்சத்துக்கு வந்துவிட்டது. சர்க்கரையில் மெல்லிய குழாய்களின் சுவர் பலவீனமாகி, குண்டூசித் தலை அளவுகூட இல்லாத சிவப்புப் புள்ளிகளாகப் புடைக்கும். அதிலிருந்து நீரும் கொழுப்பும் கசியும். ரத்தக்கொதிப்பில் தமனிகள் ஒடுங்கி, சிரையைக் கடக்கிற இடத்தில் அதை நசுக்கும். இவ்வளவும் நடக்கும்போது வலி இருக்காது. பார்வை பரிசோதிக்கிற எழுத்து போர்டில் கடைசி வரி வரை படித்துவிடுவார்கள். பார்வை மங்கித்தான் வருவேன் என்றால் நாங்கள் காப்பாற்ற மிச்சம் இருப்பது குறைந்துவிடும். நேரத்தோடு வந்தால் லேசர் இருக்கிறது, கண்ணுக்குள் போடும் ஊசி இருக்கிறது. சர்க்கரை என்று தெரிந்த நாளிலும், அதன் பிறகு வருடத்துக்கு ஒரு முறையும் பார்க்க வேண்டும். விழித்திரையில் பாதிப்பு இருந்தால் சிறுநீரகத்தையும் பரிசோதிக்கச் சொல்வோம். அங்கேயும் இதே மாதிரி மெல்லிய குழாய்கள்தான்.

அடுத்து வளையம். கருவிழிக்கு மேல் கைக்கடிகாரக் கண்ணாடி மாதிரி தெளிந்த ஒரு படலம் இருக்கிறது, கார்னியா. நடுவில் அதன் தடிமன் அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். அதன் ஓரத்தில் ரத்தத்திலிருந்து வந்த கொழுப்பு படிவதுதான் நீங்கள் பார்க்கிற சாம்பல் வளையம். அம்மாவின் வயதில் இது நரை மாதிரி. பார்வையைத் தொடாது, மருந்தும் வேண்டாம். உங்களுக்கு 43. இந்த வயதில் வளையம் தெரிந்தால் நான் சும்மா விடமாட்டேன். வெறும் வயிற்றில் கொழுப்புப் பரிசோதனை எடுங்கள். ஒன்றுமில்லை என்று வந்தாலும் வரலாம், சிலருக்குக் குடும்ப வாகு. ஆனால் பிறவியிலேயே கொலஸ்ட்ரால் அதிகமாக இருக்கும் குடும்பங்களில் மாரடைப்புக்கு முன்னால் கண் தருகிற அடையாளம் இதுதான். உங்கள் குடும்பத்தில் ஐம்பதைத் தொடாமல் மாரடைப்பில் போனவர்கள் யாராவது உண்டா என்று அம்மாவிடம் கேளுங்கள். இமையின் உள்மூலையில் வெளிர்மஞ்சளாகத் தட்டை மேடு வந்தாலும் இதே பரிசோதனைதான். அப்படி வருகிறவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு ரத்தத்தில் கொழுப்பு சரியாகவே இருக்கும். பரிசோதனை கேட்டதுமே பதறாதீர்கள்.

அம்மாவின் கண் சின்னதாகவில்லை, கூடுதான் மாறியிருக்கிறது. கண் உருண்டையைச் சுற்றி மெத்தை மாதிரி கொழுப்பு உண்டு. வயதாக ஆக அது குறையும், கண் உள்ளே போன மாதிரி தெரியும். இருக்கிற கொழுப்பும் கீழ் இமைப் பக்கம் முன்னே பிதுங்கிப் பையாகும். மேல் இமையைத் தூக்கும் தசைநாண் நெகிழ்ந்து இமை இறங்கும், தோலும் தொங்கும். வருடக்கணக்கில் இரண்டு பக்கமும் மெதுவாக இறங்கினால் வயசு. ஒரே நாளில் ஒரு இமை விழுந்து, பார்ப்பது இரண்டிரண்டாகவும் தெரிந்தால் அன்றே ஆஸ்பத்திரி. சர்க்கரையில் கண் நரம்பு பாதிக்கப்பட்டாலும் அப்படி வரும், மூளை ரத்தக்குழாய் புடைத்தாலும் வரும். கண் உள்ளே போவதற்குப் பதிலாக வெளியே பிதுங்கி, மேல் இமை ஏறி, வெள்ளை விழி அதிகம் தெரிந்தால் தைராய்டைப் பார்க்க வேண்டும்.

தடித்த லென்ஸ் இடத்தை அடைக்கிறது என்று முதலில் சொன்னேனே, அதற்கு இன்னொரு விளைவும் உண்டு. கண்ணுக்குள் ஊறுகிற நீர் வெளியேறும் வழி கருவிழி ஓரத்தில் இருக்கிறது. லென்ஸ் முன்னே தள்ளினால் அந்த வழி ஒடுங்கும். இயல்பிலேயே சின்னக் கண் உள்ளவர்கள், பெண்கள், அறுபது தாண்டியவர்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். சாயங்காலத்தில் பல்பைச் சுற்றி வானவில் வளையம், ஒரு பக்கத் தலைவலி என்று அம்மா சொன்னால் அலட்சியம் வேண்டாம். திடீரென்று கண் சிவந்து, தாங்க முடியாத வலியும் வாந்தியும் வந்தால் அது கண் அழுத்தம். வாந்தியைப் பார்த்து கேஸ் டிரபிள் என்று ஊசி போட்டு இரவு முழுக்க வீட்டில் வைத்திருந்து, காலையில் கண்ணோடு வந்த ஒரு பாட்டியை இன்னும் மறக்கவில்லை. அந்தக் கண்ணில் வெளிச்சம் மட்டும்தான் மிஞ்சியது.

கண்ணுக்கு முன்னால் கொசு, நூல் மாதிரி மிதப்பது பெரும்பாலும் உள்ளிருக்கும் பசை நீர்த்து, விழித்திரையிலிருந்து பிரிவதால் வருவது. மின்னல் அடித்தாலோ, மிதப்பவை திடீரென்று கூட்டமாகப் பெருகினாலோ, ஓரத்தில் திரை விழுந்தாலோ ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது.

முருங்கைக்கீரையைப் பற்றி. தாராளமாகச் சாப்பிடட்டும், நல்ல கீரை. வைட்டமின் ஏ குறைவால் வரும் மாலைக்கண்ணுக்கு அது உதவும். புரையைக் கரைக்காது. புரையைக் கரைப்பதாக விற்கிற சொட்டு மருந்து எதுவும் கரைக்காது. தேன், விளக்கெண்ணெய், தாய்ப்பால் எதையும் கண்ணுக்குள் விட வேண்டாம். மெடிக்கலில் கேட்டு வாங்குகிற சொட்டு மருந்துகளில் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும். அரிப்பு உடனே நிற்கும். மாதக்கணக்கில் விட்டால் புரையும் அழுத்தமும் சேர்ந்து வரும்.

புரை என்று உறுதியானால் உடனே அறுவை வேண்டுமா? அவசியமில்லை. ‘முத்தட்டும், அப்புறம் எடுக்கலாம்’ என்பது அந்தக் காலப் பேச்சு. இப்போது இரண்டு, மூன்று மில்லிமீட்டர் துளை வழியாக உடைத்து உறிஞ்சி எடுத்துவிடுகிறார்கள், கருப்பட்டியாக இறுகிவிட்டால்தான் அது சிரமம். தூரப் பார்வை மங்கி நடக்கப் பயப்படுகிறார், படியில் தடுமாறுகிறார், வேலைக்கு இடைஞ்சல் என்றால் செய்துகொள்ளலாம். அதுவரை தூரத்துக்குக் கண்ணாடி போதும். அறுவைக்கு நாள் குறிக்கும்போது மறக்காமல் ஒன்று சொல்லுங்கள்: ‘அம்மா இப்போது கண்ணாடி இல்லாமல் படிக்கிறார்.’ வழக்கமாக வைக்கிற லென்ஸ் தூரத்துக்கான பவரில் இருக்கும். அதை வைத்துவிட்டால் அம்மா பேப்பருக்குத் திரும்பவும் கண்ணாடி தேடுவார், ஆபரேஷன் செய்து கண்ணைக் கெடுத்துவிட்டார்கள் என்று ஊரெல்லாம் சொல்வார். கிட்டத்துக்கான பவரிலும் லென்ஸ் வைக்கலாம். எது வேண்டுமென்று அவரையே கேட்டு முடிவு செய்யுங்கள். அரசு மருத்துவமனைகளில் இந்த அறுவை இலவசம்.

போகும்போது அம்மா சாப்பிடுகிற எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள். மூட்டு வலிக்கு, ஆஸ்துமாவுக்கு என்று எப்போதோ தொடங்கியதும் சேர்த்துத்தான். (வீட்டில் அப்பா இருந்து, அவருக்கும் ஒரு நாள் புரை அறுவை என்று வந்தால், புரோஸ்டேட்டுக்குச் சாப்பிடுகிற மாத்திரையைக் கட்டாயம் சொல்ல வேண்டும். சில மாத்திரைகளால் கருவிழித் திரை துவண்டு அறுவை சிக்கலாகும்.) பழைய கண்ணாடியையும், அந்தக் கண்ணாடிச் சீட்டு இருந்தால் அதையும் கொண்டுபோங்கள். பவர் எவ்வளவு மாறியிருக்கிறது என்று அதை வைத்துத்தான் தெரியும். சொட்டு விட்ட பிறகு பாப்பா விரிய அரை மணி நேரம் ஆகும். பல வருடச் சர்க்கரை என்றால் இன்னும் தாமதமாகலாம், இரண்டாவது தடவையும் விடுவார்கள். நாலைந்து மணி நேரம் வெயில் கூசும். மதியம் திரும்புவது போலிருந்தால் குடை எடுத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு மட்டும் உங்கள் கடைக்கு ஊசி கோர்க்க வேறு ஆள் பார்த்துக்கொள்ள வேண்டும்.